கதவுக்கு உள்ளே இருந்தவர்

1077 ஜனவரி. வட இத்தாலியில், அப்பெனைன் மலைச்சரிவில் இருக்கும் கனோசா கோட்டை. ஜெர்மனியின் அரசன் நான்காம் ஹென்றி அதன் வாசலில் வெறுங்காலோடு, முரட்டுக் கம்பளி உடுத்தி நிற்கிறான். ஒரு நாள் இல்லை, மூன்று நாள். உள்ளே போப் ஏழாம் கிரிகோரி இருக்கிறார்.

திருச்சபை அரசை மண்டியிட வைத்ததற்கு அடையாளமாகவே இந்தக் காட்சியைச் சொல்வார்கள். 1872இல் கத்தோலிக்கத் திருச்சபையோடு மோதிக்கொண்டிருந்த பிஸ்மார்க், நாங்கள் கனோசாவுக்குப் போகமாட்டோம் என்று நாடாளுமன்றத்தில் அறிவித்தார். ஆனால் எனக்கு வெளியே நின்றவனைவிட உள்ளே இருந்தவரைப் பற்றித்தான் யோசனை ஓடுகிறது. ஹென்றிக்குத் தான் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்திருந்தது. கிரிகோரிக்குத் தெரிந்திருந்ததா?

சண்டை ஆயர்களை யார் நியமிப்பது என்பதில் தொடங்கியது. அன்றைய ஆயர் வெறுமனே பூசை வைப்பவர் அல்ல. அவரிடம் நிலமும் சுங்கமும் படைவீரர்களும் இருந்தார்கள். பதவியின் அடையாளமான மோதிரத்தையும் கோலையும் அரசனே அவர் கையில் கொடுத்தான். இதில் அரசனுக்கு ஒரு வசதி உண்டு. ஆயருக்குச் சட்டப்படி வாரிசு கிடையாது. அவர் இறந்தால், அடுத்து யாருக்குக் கொடுக்கலாம் என்பதை அரசனே தீர்மானிக்கலாம். சீர்திருத்தம் வேண்டிய துறவிகளுக்கோ இது அசிங்கமாகப் பட்டது. ஆன்மாக்களின் காவலரை வாள் பிடிக்கும் கை எப்படி நியமிக்கலாம்?

மிலான் பேராயர் பதவியை ஒட்டி 1075இல் மோதல் முற்றியது. 1076 ஜனவரியில் வோர்ம்ஸ் நகரில் ஹென்றியும் ஜெர்மானிய ஆயர்களும் கூடி, கிரிகோரி போப்பே அல்ல என்று அறிவித்தார்கள். அடுத்த மாதமே ரோமில் கிரிகோரி பதில் கொடுத்தார். ஹென்றியைத் திருச்சபையிலிருந்து விலக்கினார், ஆட்சியைப் பறித்தார், அவனுக்குச் செய்த சத்தியத்திலிருந்து எல்லோரையும் விடுவித்தார்.

கடைசியாகச் சொன்னதுதான் பெரிய அடி. நிலையான ராணுவம் இல்லை, போலீஸ் இல்லை, அலுவலகங்கள் இல்லை. பிரபுக்கள் செய்துகொடுத்த சத்தியம்தான் அரசு. சாக்சனியில் ஏற்கெனவே கலகம் நடந்திருந்தது. அக்டோபரில் ட்ரிபூரில் கூடிய பிரபுக்கள், ஓராண்டுக்குள் விலக்கு நீங்காவிட்டால் இவன் எங்கள் அரசன் இல்லை என்று முடிவெடுத்து, விசாரிக்க வரும்படி போப்பை ஆக்ஸ்பர்க்குக்கு அழைத்தார்கள். போப் அங்கே வந்து சேர்வதற்கு முன் அவரைச் சந்தித்துவிட வேண்டும் என்று, மனைவியோடும் சின்னக் குழந்தையோடும் நடுக்குளிரில் ஆல்ப்ஸைக் கடந்து வந்தவன்தான் இந்த ஹென்றி.

இப்போது கிரிகோரி என்ன செய்வார்? மன்னித்தால், தன்னை நம்பி அரசனை எதிர்த்த பிரபுக்களைக் கைவிட்டதாக ஆகும். மன்னிக்காவிட்டால், பாவமன்னிப்பு கேட்டு வந்தவனைத் திருப்பி அனுப்பிய குரு ஆவார். அப்புறம் வோர்ம்ஸில் ஹென்றி சொன்னதுதான் உண்மை என்றாகிவிடும். போப் வேடத்தில் இன்னொரு அதிகாரப் போட்டிக்காரர், அவ்வளவுதான். கோட்டைக்குச் சொந்தக்காரியான மாடில்டாவும், ஹென்றியின் ஞானத்தந்தையான க்ளூனி மடத்தலைவர் ஹியூவும் அவனுக்காகப் பரிந்து பேசினார்கள். தன்னுடைய கண்டிப்பு கொடுங்கோலனின் கொடூரம் மாதிரி இருக்கிறது என்று கூட இருந்தவர்கள் குறைப்பட்டதைப் பிரபுக்களுக்கு எழுதிய கடிதத்தில் கிரிகோரியே குறிப்பிடுகிறார்.

மன்னித்தார்.

ஹென்றி உண்மையிலேயே மனம் வருந்தினானா? யாருக்கும் தெரியாது. அந்தக் காலத்துத் தவமுறை இதற்கு ஒரு வழி வைத்திருந்தது. வெறுங்கால், குளிர், பட்டினி, கண்ணீர். நெஞ்சைத் திறந்து பார்க்க முடியாது என்பதால் வெளியே தெரிவதைப் பார். இன்று யாராவது பகிரங்கமாக மன்னிப்பு கேட்டால் நாம் ஒவ்வொரு சொல்லாகப் பிரித்து உண்மையா நடிப்பா என்று தேடுகிறோம். அடுத்து வரும் கேள்வி மட்டும் மாறவில்லை. மன்னித்தாச்சு, சரி, அவருக்கு நாற்காலியையும் திருப்பிக் கொடுக்கணுமா?

கிரிகோரியின் பதில் 1080இல் வந்தது. திருச்சபை உறவைத்தான் திருப்பிக் கொடுத்தேன், ஆட்சியை அல்ல என்றார். இந்த வேறுபாடு எனக்குப் பிடித்திருக்கிறது. துரோகம் செய்தவரை மன்னிக்கலாம், அதற்காக வீட்டுச் சாவியை மறுபடி அவரிடம் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் இதை கிரிகோரி சொன்னால் யார் கேட்பார்கள்? 1076இல் ஒரே தீர்ப்பில் பாவத்தையும் சிம்மாசனத்தையும் சேர்த்து முடிச்சுப் போட்டவர் அவர்தான். ஒன்றை அவிழ்த்தால் மற்றதும் அவிழும் என்றுதான் உலகம் எடுத்துக்கொண்டது.

பிரபுக்கள் மார்ச்சில் ருடால்ஃபை எதிர் அரசனாக்கினார்கள். உள்நாட்டுப் போர் வந்தது. 1080இல் கிரிகோரி மறுபடி ஹென்றியை விலக்கியபோது அந்த ஆயுதம் மழுங்கிப்போயிருந்தது. ஹென்றி தனக்கென்று ஒரு போப்பை வைத்துக்கொண்டான், 1084இல் ரோமைப் பிடித்தான். கிரிகோரியை மீட்க வந்த நார்மன் படையே நகரைச் சூறையாடியது. அடுத்த ஆண்டு அவர் சலேர்னோவில் அகதியாக இறந்தார்.

அப்படியென்றால் மன்னித்தது தப்பா? அரசியல் கணக்கில் தப்புதான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கனோசாவில் அவரால் வேறொன்றும் செய்திருக்க முடியாது. பிழை முந்தைய ஆண்டில் இருக்கிறது. அறத்தீர்ப்பை ஆட்சியைக் கவிழ்க்கும் நெம்புகோலாக்கிவிட்டால், பிறகு நம் கருணையும் பேரமாகத்தான் பார்க்கப்படும். 1106இல் ஹென்றி விலக்கு நீங்காமலே இறந்தான். அவன் சவப்பெட்டி ஸ்பையரில், அர்ச்சிக்கப்படாத சிற்றாலயத்தில் ஐந்து வருஷம் கிடந்தது. 1111இல்தான் பேராலயத்தில் அடக்கம் செய்தார்கள். அவன் மகன் ஐந்தாம் ஹென்றி அன்றைய போப்பைச் சிறைப்பிடித்த ஆண்டும் அதுவே.

ஒரு விஷயத்தை மட்டும் என்னால் தள்ளிவிட முடியவில்லை. கிரிகோரி அந்த ஆயுதத்தை எடுக்காமல் இருந்திருந்தால் யாருக்கும் பதில் சொல்லாத அரசனை யார் கேட்டிருப்பார்கள்? அரசனுக்குச் செய்த சத்தியம் நிபந்தனையற்றதல்ல என்ற எண்ணம் ஐரோப்பாவில் வலுப்பட்டதில் இந்தச் சண்டைக்கும் பங்கு உண்டு.

முடிச்சு 1122இல், அதே வோர்ம்ஸில் ஓரளவு அவிழ்ந்தது. மோதிரமும் கோலும் இனித் திருச்சபை கொடுக்கும், நிலமும் அதன் உரிமைகளும் அரசனின் செங்கோல் வழியே வரும் என்று உடன்பட்டார்கள். பழைய ஹென்றியும் கிரிகோரியும் அப்போது உயிரோடு இல்லை. ஒரே மனிதரிடம் ஆன்மாவுக்கான அதிகாரம் எது, நாற்காலிக்கான அதிகாரம் எது என்று இரண்டு பொருள்களாகப் பிரித்துக் கையில் கொடுப்பதற்கு, கனோசாவுக்குப் பிறகு 45 வருஷம் ஆகியிருக்கிறது.