ஈகை ஒன்றே போதுமோ?

புகைவண்டி நிலையத்தில் கண்ணற்றவர் ஒருவரைக் காணுங்கால் நம் கை தானே பைக்குள் செல்கின்றது. காசு ஒன்றை இட்டு, ஓர் அறம் செய்தோம் என்னும் நிறைவுடன் நாம் நடந்து விடுகின்றோம். அவரே கல்லூரியிற் பயின்று பட்டம் பெற்று, நம் அலுவலகத்திற்கு வந்து, "எனக்கு ஒரு வேலை தாருங்கள்" என்று கேட்பாராயின், அந்தக் கை அவ்வளவு விரைவாக நீளுவதில்லை. ஆயிரம் ஐயங்கள் நமக்கு எழுகின்றன. இரங்குவதற்கு விரையும் நம் உள்ளம் மதிப்பதற்கு மட்டும் ஏன் தயங்குகின்றது? 2011-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி நம் நாட்டில் மாற்றுத்திறனாளர் 2.68 கோடிப் பேர். ஆதலின் இவ்வினா சிறியதன்று.

தயக்கத்தின் முதற் காரணம், நெடுங்காலமாக நம்மிடையே வேரூன்றிய ஓர் எண்ணம். "முற்பிறப்பின் தீவினையால் இவன் இவ்வாறு பிறந்தான்" என்று கற்றவரும் கூறக் கேட்கின்றோம். வினைக் கொள்கையை ஏற்கும் பௌத்தராகிய நம்மிலும் அவ்வாறு கூறுவோர் உளர். ஆனால் பகவான் கூறியது யாது? மனிதர் நுகரும் இன்ப துன்பங்கள் யாவும் முன்வினைப் பயனே எனச் சிலர் சொல்வது குறித்து மோலியசீவகன் என்னும் பரிவிராசகன் வினவியபோது, அக்கூற்றை அவர் மறுத்தார் எனச் சங்யுத்த நிகாயம் கூறுகின்றது. பித்தம், கபம், வாதம், பருவ மாறுதல், பிறர் தாக்குதல் முதலியவற்றாலும் வேதனை தோன்றுமென்றும், வினை அவற்றுள் ஒரு காரணமே என்றும் அவர் விளக்கினார். நம் காலத்துச் சான்று ஒன்றும் உண்டு. எத்தனையோ குழந்தைகளின் கால்களை முடக்கிய இளம்பிள்ளை வாதத்தின் இயற்கைக் கிருமி, இந்தியாவில் கடைசியாக ஒரு குழந்தையைத் தாக்கியது 2011-ஆம் ஆண்டில். 2014-இல் அந்நோயினின்றும் நாடு விடுபட்டதெனச் சான்று அளிக்கப்பட்டது. சொட்டு மருந்து போக்கியது கிருமியையா, அக்குழந்தைகளின் தீவினையையா? சிந்திப்பீராக.

இரண்டாவது காரணம், திறமை என்பது உடலுக்குள் மட்டும் உள்ளதென்று நாம் கருதுவது. மேல்மாடியில் உள்ள அலுவலகத்திற்குக் காலுள்ளோர் பறந்து செல்வதில்லை. அவர்களுக்காகவே படிக்கட்டு கட்டப்பட்டுள்ளது. இரவில் எரியும் விளக்கும் கண்ணுடையோர்க்காகச் செய்த ஏற்பாடே. பார்வையற்றவர்க்கு அது வேண்டுவதில்லை. இவற்றை நாம் சலுகை என்று அழைப்பதில்லை. சக்கர நாற்காலிக்குச் சாய்தளமும், எழுத்தை ஒலியாக்கிப் படிக்கும் கணினியும், செவி கேளாதார்க்குச் சைகை மொழியில் பெயர்த்துரைப்பவரும் வேண்டுமென்றால் மட்டும் அது சலுகையாகி விடுகின்றது. பலருக்கு வேண்டிய உதவியை இயல்பு என்றும், சிலருக்கு வேண்டிய உதவியைச் சுமை என்றும் பெயரிட்டு நம்மை நாமே ஏமாற்றிக் கொள்கின்றோம்.

சூளபந்தகரின் வரலாற்றை நாம் அறிவோம். நான்கு திங்கள் முயன்றும் ஒரு செய்யுளை மனத்தில் இருத்த அவரால் இயலவில்லை. தமையனாராகிய மகாபந்தகர் அவரை விகாரத்தை விட்டு வெளியேறுமாறு கூறினார். மருத்துவர் ஜீவகரின் இல்லத்து விருந்துக்குச் செல்வோர் தொகையிலும் அவரைச் சேர்க்கவில்லை. வைகறையில் வாயிலருகே வருந்தி நின்றவரைப் பகவான் கண்டார். தூய துணி ஒன்றைக் கொடுத்து, அதனைத் தேய்த்துக் கொண்டிருக்குமாறு பணித்தார். துணியில் அழுக்கு ஏறுவதைக் கண்ட சூளபந்தகர், யாவும் நிலையாதன என்னும் உண்மையைத் தெளிந்து அருகத நிலை எய்தினார். அவருக்காக அறம் குறைக்கப்படவில்லை. கற்பிக்கும் வழியே மாற்றப்பட்டது. அதே நாளில் ஜீவகரின் இல்லத்தில் பகவான் தம் பாத்திரத்தைக் கையால் மூடிக்கொண்டு, விகாரத்தில் இன்னும் ஒருவர் உளர் என்றார். அவர் அழைத்து வரப்படும் வரை உணவு தொடங்கவில்லை. உணவு முடிந்தபின் நன்றியுரை ஆற்றும் பணியும் சூளபந்தகருக்கே அளிக்கப்பட்டது. சோறிட்டதோடு அமையாது, பொறுப்பையும் நம்பிக் கொடுத்ததை நாம் கருதுதல் வேண்டும்.

ஆயினும் ஒன்றை மறைத்தல் நமக்குத் தகாது. கண்ணற்றோர், செவிகேளாதோர், கால் ஊனமுற்றோர் முதலியோர்க்குத் துறவு அளிக்கலாகாது என்னும் விதி விநய பிடகத்தின் மகாவக்கத்தில் உள்ளது. நாம் போற்றும் மரபிலும் மூடிய கதவு உண்டு என்பதை ஒப்புக்கொண்ட பின்னரே பிறர் கதவைத் தட்டும் தகுதி நமக்கு வரும். அரசின் விதிகளிலும் அத்தகைய கதவுகள் இருந்தன. மத்தியப் பிரதேசத்தில் பார்வையற்றோர் நீதிபதிப் பணிக்கு வர இயலாதவாறு ஒரு விதி இருந்தது. ஒரு தாய் எழுதிய கடிதத்தையே வழக்காக ஏற்ற உச்ச நீதிமன்றம், 2025 மார்ச்சில் அவ்விதியை நீக்கிற்று. 1995-ஆம் ஆண்டுச் சட்டம் 7 வகைக் குறைகளையே குறித்தது. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைகளைக் குறித்து, அரசுப் பணிகளில் நூற்றுக்கு 4-க்குக் குறையாத இடங்களை ஒதுக்கியது. ஒவ்வொருவரின் தேவைக்கேற்ப நியாயமான ஏற்பாடு செய்துதர வேண்டுமென்றும், அதனை மறுப்பது பாகுபாடே என்றும் அச்சட்டம் கூறுகின்றது.

"எல்லா வேலையையும் எல்லோரும் செய்ய இயலுமோ?" என்று சிலர் கேட்பர். இயலாதுதான். பேருந்து ஓட்டுவதற்குப் பார்வை வேண்டும். தீர்ப்பு எழுதுவதற்கு வேண்டுவது அறிவும் நடுவுநிலைமையும். வேலைக்கு உண்மையில் எது வேண்டுமோ அதைக் கொண்டே அளத்தல் முறை. எவ்வேலையும் செய்ய இயலாத நிலையினரும் உளர். அவர்களை என் செய்வது? வயிற்றுப்போக்கால் நோயுற்று, பேணுவாரின்றிக் கிடந்த பிக்கு ஒருவரைப் பகவான் கண்டார். அவரால் தமக்கு ஒரு பயனும் இல்லையென்று ஏனையோர் விட்டுவிட்டனர். பகவான் ஆனந்தருடன் சேர்ந்து தம் கையாலேயே அவரைக் கழுவிக் கிடத்தினார். மனிதரின் மதிப்பு அவர் தரும் பயனளவே என்போர்க்கு இச்செயலே விடை.

இனி நம்மை நாமே வினவிக் கொள்வோம். நம் கூட்டம் நடைபெறும் மண்டபத்தின் வாயிலில் எத்தனைப் படிகள் உள்ளன? அங்கு நிகழ்த்தப்படும் சொற்பொழிவைச் செவி கேளாத ஒருவர் எவ்வாறு அறிவார்? நம் கடையிலும் பட்டறையிலும் இவர்களுள் ஒருவரேனும் கூலி பெற்று உழைக்கின்றாரா? நம் குழுக்களில் ஒருவரேனும் வாக்களிக்கின்றாரா? இவற்றுக்கு நேரிய விடை கூற இயலாதவிடத்து, விழா நாட்களில் நாம் இடும் அன்னதானம் நம் மனத்தை மட்டுமே நிறைவிக்கும். வராதவர் ஒருவர் உளர் என்று நினைவுகூர்ந்து பாத்திரத்தை மூடிய அந்தக் கையை நாம் பின்பற்றுவோமாக.