நற்றொழிலும் நிதித் தொழிலும்

பெங்களூரில் ஓர் ஆலோசனை நிறுவனத்தில் இரண்டாண்டு பணியாற்றிய நம் இளைஞர் ஒருவர், அவ்வேலையை விடுத்து நிதி நிறுவனமொன்றில் சேரக் கருதியுள்ளார். அவர்தம் பாட்டனார் கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளி; அக்குடும்பத்தில் முதற் பட்டதாரி இவரே. "வட்டித் தொழிலுக்கா போகிறாய்? பஞ்சசீலம் ஏற்றவனுக்கு அது தகுமா?" என்று அவருடைய தாயார் வினவினாராம். இவ்வினா அவ்வொரு வீட்டிற்கு மட்டும் உரியதன்று.

உபாசகர் விலக்க வேண்டிய வாணிபங்களாகப் பகவன் புத்தர் ஐந்தைக் கூறினார். ஆயுதம், உயிர்கள், மாமிசம், மது, நஞ்சு என்பன அவை. பணத்தொழில் இவற்றுள் இல்லை. சிகாலனுக்குப் போதித்தபொழுது, வருவாயை நான்கு கூறாக்கி ஒன்றைத் துய்க்கவும், இரண்டைத் தொழிலில் இடவும், ஒன்றை ஆபத்துக் காலத்திற்கென வைக்கவும் அவர் பணித்தார். ஆகவே முதலைப் பெருக்குதல் இல்லறத்தார்க்குப் பாவமன்று.

பாபாசாகேப் அம்பேத்கர் 1917-இல் இலண்டனினின்று திரும்பியபின், பங்கு வணிகர்க்கு ஆலோசனை கூறும் அலுவலகமொன்றைப் பம்பாயில் தொடங்கினார். அவர் தீண்டப்படாத வகுப்பினர் என்றறிந்ததும் வாடிக்கைக்காரர் விலகினர், அலுவலகம் மூடப்பட்டது. 'ரூபாயின் பிரச்சினை' என்னும் நூலை 1923-இல் வெளியிட்ட பேரறிஞருக்கே அடைக்கப்பட்ட கதவு அது. இன்று நம் பிள்ளைகள் அதனுள் நுழைவதை நாம் எங்ஙனம் இகழ்வது?

ஆயினும், விலக்கிய ஐந்தில் இல்லாமையால் மட்டுமே ஒரு தொழில் நற்றொழிலாகிவிடாது. இல்லறத்தார் எய்தும் நான்கு இன்பங்களை அநாதபிண்டிகருக்குப் பகவன் எடுத்துரைத்தார்: பொருளுடைமை, அதனைத் துய்த்தல், கடனின்மை, குற்றமின்மை. கடனின்மையை ஓர் இன்பமென்று போற்றும் தம்மத்தைச் சார்ந்தவன், பிறர்க்குக் கடன் வழங்கும் தொழிலில் அமரும்பொழுது தன்னையே வினவ வேண்டும்: "நான் தரும் கடன் இவரை ஒருநாள் கடனின்மைக்குக் கொண்டு சேர்க்குமா? அன்றி, மற்றொரு கடனுக்குத் தள்ளுமா?" தையல் இயந்திரம் வாங்கத் தரும் பணம் ஒருவகை; பழைய தவணையைக் கட்டத் தரும் பணம் வேறுவகை. கணக்கேட்டில் இரண்டும் ஒன்றே. தம்மத்தின் முன் ஒன்றல்ல.

சிறுகடன் பெறும் குடும்பத்தின் மாதத் தவணைகள் அதன் வருமானத்தில் 50 சதவீதத்தைத் தாண்டலாகாதென ரிசர்வ் வங்கி 2022-இல் விதித்தது. அது சட்டம் இட்ட வேலி. மனச்சான்று அதற்கு முன்பே நிற்க வேண்டும்.

ஆலோசகன் சொல்லைத் தந்துவிட்டு விலகுகிறான். விளைவைச் சுமப்பவர் பிறர். நிதித் தொழிலிலும் இலக்கை எட்டி ஊக்கத்தொகை பெற்று அவ்வாறே விலகிவிடலாம். ஆதலின் வேலையை மாற்றுவதால் மட்டும் பயனில்லை. விளைவைக் கண்ணெடுத்துப் பார்க்கும் உள்ளம் வேண்டும். உண்மையான வட்டியை மறைத்துப் பேசச் சொன்னால், அங்கே நான்காம் சீலம் முறிகிறது. அன்றே அவ்விடத்தை விட்டு வெளியேறுதல் தகும்.

இளமையில் தொழில் மாறுவோர்க்கு ஒரு நன்மையுண்டு. செலவு சம்பளத்தின் அளவுக்கு இன்னும் வளர்ந்திருக்காது. சிகாலனுக்குச் சொன்ன அந்த நான்காம் கூறை முதல் மாதத்திலிருந்தே சேமித்து வருபவன், வேண்டாமென்று சொல்லவும் எழுந்து வரவும் வலிமையுடையவனாவான்.

அத்தாயார் அறிந்த வட்டி, வாரந்தோறும் தெருவில் வந்து நிற்கும் வட்டி. தம் மகன் கையொப்பமிடும் தாள் ஒருநாள் அத்தெருவிற்கே வரக்கூடுமென அவர் அஞ்சுகிறார். அவ்வச்சத்தை மறவாதிருக்கும் வரையில் அம்மகன் அப்பணியில் அமர்வது தகும் என்பதே எம் கருத்து.

யாவரும் கடனின்றி வாழ்க!