கண்ணோட்டமும் கணக்கும்

கல்வியை விலைபேசுதல் இழிவு என்னும் எண்ணம் தமிழ் மரபிலும் இஸ்லாமிய மரபிலும் வேரூன்றியதாகும். திருக்குர்ஆனை ஓதிக்கொடுக்கக் கூலி பெறலாமா என்பது பற்றி மார்க்க அறிஞரிடையேயும் கருத்து வேறுபாடு நிலவிற்று. ஹனபி மத்ஹபின் முன்னோர் அதனை மறுத்தனர். பின்னோரோ, கற்பிப்போர் பிழைக்க வழியின்றிப் போனால் கல்வியே அழியும் எனக் கருதி அனுமதித்தனர். இசையாசிரியர் முன் நிற்பதும் இவ்வினாவே.

கல்முனைக்கு அயலிலுள்ள காரைதீவிற் பிறந்து, 1947 இல் யாழ் நூலை வெளியிட்ட விபுலானந்த அடிகள் துறவி. அவர் வாழ்வை இராமகிருஷ்ண மிஷன் தாங்கிற்று. முஸ்லிம் ஊர்களிற் களிகம்பு பயிற்றிய அண்ணாவியாரை ஊரின் மதிப்பும் அன்பளிப்பும் தாங்கின. அரச சம்பளமோ மடத்தின் ஆதரவோ இன்றித் தம் இல்லத்தில் வாய்ப்பாட்டோ வயலினோ கற்பிக்கும் இல்லறத்தாரைத் தாங்குவது மாணாக்கர் தரும் கட்டணம் ஒன்றே.

ஆயின், அக்கட்டணம் எங்கிருந்து வருகின்றது? பெரும்போக அறுவடை முடிந்தாலன்றி விவசாயி கையிற் பணமில்லை. வாடைக் காலத்துக் கடல் கொந்தளித்தால் மீனவர் வீட்டில் வருவாயில்லை. மருதமுனைத் தறிகளோ நூல் விலைக்கேற்ப ஓடுவன. மாதந்தோறும் முதலாந்திகதி என்னும் விதி இவ்வாழ்க்கையோடு எளிதிற் பொருந்துவதன்று.

அங்ஙனமாயின் விதியை நீக்கிவிடலாமா? நீக்கினால், சலுகை கேட்கத் துணிந்தவர் பெறுவர். கேட்க நாணுபவர் தம் பிள்ளையை மெல்ல நிறுத்திவிடுவர். விதியற்ற இரக்கம் வறியோரிலும் வாய்வல்லாரையே தேடிச் சேரும். நேர்மையாகக் கட்டணம் செலுத்துவோர் தம்மை ஏமாளிகளென எண்ணத் தலைப்படுவர். முறைப்பாட்டை வெளியிடாது மனத்துள் அடக்கும் ஆசிரியரோ, ஒருநாள் அதனைப் பிள்ளையின் பிழைபட்ட சுரத்தின்மேற் கடுஞ்சொல்லாகக் கொட்டிவிடுவர்.

இவ்விடத்து, திருக்குர்ஆனின் இரண்டாம் அத்தியாயத்து இரு வசனங்கள் சிந்திக்கத்தக்கன. 280ஆம் வசனம் இடர்ப்பட்ட கடனாளிக்குத் தவணை கொடுக்கவும், அதனினும் மேலாக விட்டுக்கொடுக்கவும் கூறுகின்றது. 282ஆம் வசனம் கடனை எழுதிவைக்கப் பணிக்கின்றது. இரக்கமும் எழுத்தும் அங்கே பகையல்ல, அண்டை வீட்டார். வள்ளுவரும் கண்ணோட்டத்தைப் பொருட்பாலில் 58ஆம் அதிகாரமாக வைத்து, செய்கடமை சிதையாதவாறு கண்ணோடுதலையே போற்றினார்.

எனவே, சலுகையையும் விதியினுள்ளேயே வைத்தல் தகும். கட்டணம், வராத நாட்களுக்கான ஒழுங்கு, அறுவடைவரை தவணை, கட்டணமின்றிக் கற்கத்தக்க இடங்களின் எண்ணிக்கை ஆகியவற்றைத் தொடக்கத்திலேயே அனைவருக்கும் அறிவித்தல் வேண்டும். அவற்றைப் பெறுவோர் யாவர் என்பது மட்டும் மறைவாயிருத்தல் வேண்டும். விதி ஊரறிய, உதவி ஊரறியாமல் என்பதே முறை. சுருதி நிலைத்து நின்றாலன்றிப் பாடகர்க்கு மனோதர்மம் இல்லை. ஒழுங்கு நிலைத்து நின்றாலன்றி ஆசிரியர்க்கு இரக்கமும் நீடிப்பதில்லை.