பரிசம் எப்போது விலையாகிறது?

ங்கோர் என்ற இளைஞனுக்குக் கும்பாவைக் கட்டிக்கொள்ள ஆசை. ஆனால் பரிசம் போடக் காசில்லை. மழை பொய்த்து நிலக்கடலை விளையவில்லை. பட்டணம் போய்ச் சம்பாதிக்கலாமென்று டக்காருக்கு வேலை தேடிப் போகிறான். அங்கே அவனைச் சுரண்டித்தான் அனுப்புகிறார்கள்.

செனகல் நாட்டு இயக்குநர் சஃபி ஃபாய் 1975இல் எடுத்த 'கத்து பேகாத்' படத்தின் கதை இது. களம், அவருடைய குடும்பத்தின் பூர்வீக ஊர், செரேர் மக்களின் கிராமம். மரத்தடியில் ஆண்கள் கூடி விதைக்கடனையும் கடலை விலையையும் பேசும் காட்சிகளைப் படம் அவசரமில்லாமல் காட்டுகிறது. கல்யாணம் ஏன் தள்ளிப்போகிறது என்பதற்கான விடை அந்தப் பேச்சில்தான் இருக்கிறது.

பெண்ணுக்காகப் பொருள் கொடுப்பது அவளை விலைக்கு வாங்குவதா? விலை வைக்கக்கூடியது வேறு, மனிதருக்குரிய மாண்பு வேறு என்று தத்துவஞானி காண்ட் 1785இல் எழுதினார். அதன்படி பார்த்தால் 'ஆம்' என்று உடனே சொல்லத் தோன்றும்.

ஆனால் தெற்கு சூடானின் நூயர் மக்களிடம் மானிடவியலாளர் எவன்ஸ்-பிரிட்சார்ட் கண்டது அவ்வளவு எளிதானதல்ல. அங்கே முறைப்படி பரிசம் சுமார் 40 மாடுகள். மாப்பிள்ளையின் சொந்தபந்தமெல்லாம் சேர்ந்து கொடுக்கும். பெண் வீட்டிலோ அப்பா வழி, அம்மா வழி இரண்டுக்கும் பங்கு போகும். இத்தனை பேர் கை நனைத்த உறவு லேசில் அறுந்துபோக யாரும் விடமாட்டார்கள். இதைச் சந்தைக் கொள்முதல் என்று சொல்வது நியாயமில்லை.

ஃபாயின் கிராமத்தில் நிலைமை வேறு. பிரெஞ்சு ஆட்சி கடலைச் சாகுபடியை ஊரெங்கும் பரப்பியது. 1960இல் விடுதலை வந்த பிறகும் அதன் பிடி தளரவில்லை. தானியம் விளைந்த நிலத்தில் பணப்பயிர் வந்ததும் பரிசமும் பணமாயிற்று. உறவுகள் கூடிச் சுமந்ததை ஒரு பையன் தனியே கூலிக்குப் போய்ச் சேர்க்க வேண்டியதாயிற்று. குற்றத்தைச் சடங்கின் தலையில் மட்டும் கட்டுவது சரியல்ல.

அதற்காகச் சடங்கை அப்படியே தூக்கிப்பிடிக்கவும் முடியாது. உகாண்டாவில் மிஃபுமி என்ற பெண்கள் அமைப்பு தொடுத்த வழக்கில் 2015 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பரிசம் வாங்கலாம், மணமுறிவின்போது அதைத் திருப்பிக் கேட்பது அரசியல் சட்டத்துக்கு எதிரானது என்றது. அடி தாங்காமல் பிறந்த வீட்டுக்கு வரும் பெண்ணை, மாடுகளைத் திருப்ப வழியில்லை என்று வீட்டார் மறுபடி அனுப்பிவைத்த கொடுமைக்கு அது பதில். திருப்பிக் கேட்க முடியும் என்ற அந்த இடத்தில்தான் பரிசம் உண்மையிலேயே விலையாகிறது.

அமர்வில் ஒரு நீதிபதி மாறுபட்டார். பரிசமே கூடாது என்பது அவர் கருத்து. அதை எளிதில் ஒதுக்க முடியாது. இஸ்லாமிய மணத்தில் மாப்பிள்ளை கொடுக்கும் மஹர் மணப்பெண்ணுக்கே சொந்தம். நூயர் வழக்கிலோ நாற்பது மாடுகளும் பல கைகளுக்குப் போகின்றன. அவற்றுள் மணப்பெண்ணின் கை இல்லை.