உரிமை கேட்டதற்கு விலை

அமெரிக்க ஐக்கிய நாட்டின் நீதிமுறையைப் புகழ்வோர் கிளாரன்ஸ் கிடியனை நினைவுகூரத் தவறுவதில்லை. பிலியர்ட்ஸ் கூடமொன்றில் புகுந்து திருடியதாக 1961இல் புளோரிடா மாநிலத்தில் குற்றம் சாட்டப்பட்ட ஏழை அவர். வழக்கறிஞர் ஒருவரை அமர்த்தித் தரும்படி கேட்டார், மறுத்துவிட்டார்கள். ஐந்தாண்டுத் தண்டனை பெற்றுச் சிறையில் இருந்தபடியே, பென்சிலால் எழுதிய மனுவொன்றை உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பினார். கடுங்குற்ற வழக்குகளில் ஏழைக்கு அரசே வழக்கறிஞரைத் தரவேண்டுமென்று 1963இல் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்துத் தீர்ப்பளித்தனர். மறுவிசாரணையில் ஜூரி அவரை விடுவித்தது.

நெஞ்சை நெகிழ்விக்கும் வரலாறுதான். ஆயினும் இத்துடன் நிறுத்துவோர் பாதிக் கதையையே சொல்கின்றனர்.

1791இல் நடைமுறைக்கு வந்த ஆறாம் அரசியலமைப்புத் திருத்தம், குற்றம் சாட்டப்பட்டவருக்கு வெளிப்படையான ஜூரி விசாரணையையும், எதிர்ச்சாட்சிகளை நேருக்கு நேர் காணும் உரிமையையும் உறுதிசெய்கிறது. ஆனால் அந்நாட்டு உச்ச நீதிமன்றமே 2012இல் எடுத்துக்காட்டியபடி, கூட்டரசு நீதிமன்றங்களில் குற்றவாளிகளாகத் தீர்க்கப்பட்டோருள் 97 விழுக்காட்டினரும், மாநில நீதிமன்றங்களில் 94 விழுக்காட்டினரும் விசாரணைக்கே செல்லாமல் குற்றத்தை ஒப்புக்கொண்டவர்கள். தண்டனையையோ குற்றச்சாட்டையோ குறைப்பதாக அரசுத் தரப்பு வழக்கறிஞர் சொல்வார். எதிரி தம் உரிமையைக் கைவிடுவார். பேரம் என்றே இதனை அங்கு வழங்குகிறார்கள். வெட்கமில்லாத சொல்தான், ஆனால் பொய்யில்லாத சொல்.

கென்டக்கி மாநிலத்துப் பால் ஹேஸ் மீதான குற்றச்சாட்டு, 88 டாலர் 30 சென்ட்டுக்கான போலிக் காசோலையைக் கொடுத்தது. ஒப்புக்கொண்டால் ஐந்தாண்டுத் தண்டனையைப் பரிந்துரைப்பதாகவும், மறுத்து விசாரணை கோரினால் முந்தைய குற்றங்களைச் சுட்டி ஆயுள் தண்டனைக்குரிய சட்டத்தின்கீழ் வழக்கை மாற்றப்போவதாகவும் அரசுத் தரப்பு அறிவித்தது. ஹேஸ் மறுத்தார். ஜூரி அவரைக் குற்றவாளியென்றது. ஆயுள் தண்டனை கிடைத்தது. ஏற்கவும் மறுக்கவும் எதிரிக்கு உரிமை இருக்கும்வரை இது தண்டிப்பதாகாது என்று 1978இல் ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் உச்ச நீதிமன்றம் அதனை ஏற்றது.

இங்கேதான் நம் மனச்சான்று இடறுகிறது. அக்குற்றத்துக்கு ஐந்தாண்டு போதுமென்று அரசுத் தரப்பே கருதியது. அவ்வாறாயின் அதற்கு மேற்பட்ட ஆண்டுகள் எதற்காக? காசோலைக்காக அன்று; விசாரணை வேண்டும் என்று கேட்டதற்காக. மனம் வருந்தியவனுக்கு இரங்கித் தண்டனையைக் குறைப்பது வேறு. உரிமையைக் கேட்டவனை அதற்காகவே ஒறுப்பது வேறு. இரண்டும் கணக்கில் ஒன்றுபோலத் தோன்றலாம், அறத்தில் ஒன்றல்ல.

எல்லாரும் விசாரணை கேட்டால் நீதிமன்றங்கள் தாங்கா என்பர். உண்மையாக இருக்கலாம். அங்ஙனமாயின், பெரும்பாலோர் பயன்படுத்தாதவரை மட்டுமே நிலைக்கக்கூடிய உரிமை அது என்பதையும் அவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும் அன்றோ?

வட கரோலினாவில் ஹென்றி ஆல்ஃபோர்டு என்பவர்மேல் கொலை வழக்கு. அவருக்கெதிரான சாட்சியங்கள் வலுவாகவே இருந்தன. தாம் கொல்லவில்லை என்றும், மரண தண்டனைக்கு அஞ்சியே குற்றத்தை ஏற்பதாகவும் நீதிபதியின் முன்னிலையிலேயே அவர் கூறினார். முப்பதாண்டுத் தண்டனை விதிக்கப்பட்டது. அவ்வொப்புதல் செல்லும் என்று 1970இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.