பூக்குடலை சுமந்தவனின் மணிமுடி

நாம் நேசித்த கதையை இன்னொருவர் திரும்பச் சொல்லும்போது அவரிடம் எதை விடாமல் கேட்பது, எதை விட்டுக்கொடுப்பது? ‘பொன்னியின் செல்வன்’ படத்தின் இரண்டு பாகங்களும் 2022, 2023இல் வந்தபோது எழுந்த வாதங்கள் எல்லாம் இந்தக் கேள்வியைத்தான் சுற்றின. படத்தின் மூலமான கல்கியின் நாவல் 1950 முதல் 1954 வரை மணியத்தின் ஓவியங்களோடு தொடராக வந்தது. அன்றைய வாசகருக்குக் கதையும் சித்திரமும் ஒன்றாகவே மனதில் பதிந்தன. திரையில் வேறு முகங்களைக் கண்டதும் மனம் முரண்டு பிடித்தது இயல்பே. நாவலின் பாத்திரமான மணிமேகலையைப் படத்தில் காணவில்லை. ஈழத்துக் காடுகளைத் தாய்லாந்தில் எடுத்திருந்தார்கள். பழைய உரோகண நாட்டில், வளவை கங்கைப் பக்கம் வாழும் எம்பிலிப்பிட்டிய வாசகருக்கு அது கொஞ்சம் கூடுதலாகவே உறுத்தும். ஆனாலும் இவற்றையெல்லாம் விட்டுக்கொடுக்கலாம் என்பேன். அதே பாத்திரங்களைப் பிற்காலத்தில் பத்மவாசன் வரைந்தார், வாசகர் ஏற்றுக்கொண்டார்கள். ஐந்து பாக நாவலை ஆறு மணி நேரத்துக்குள் அடக்கும்போது சிலர் விடுபடத்தான் செய்வார்கள்.

உருவ ஒற்றுமை எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்பதற்கு ‘வாட்ச்மென்’ நல்ல சாட்சி. அலன் மூர் எழுதி டேவ் கிப்பன்ஸ் வரைந்த அந்தச் சித்திரக்கதை 1986-87இல் வெளிவந்தது. 2009இல் ஸாக் ஸ்னைடர் அதைப் படமாக்கியபோது பல சித்திரக் கட்டங்களை அப்படியே திரைக்குக் கொண்டுவந்தார். முடிவில் வரும் இராட்சத உயிரினத்தை மட்டும் எடுத்துவிட்டு வேறொரு அழிவை வைத்தார். ரசிகர்களின் கோபம் பெரும்பாலும் அந்த மாற்றத்தின் மீதே பாய்ந்தது. பல இலட்சம் பேரைப் பலிகொடுத்துப் பொய்யால் வாங்கும் சமாதானம் நியாயமா என்ற கேள்வியோ படத்திலும் இருக்கிறது. உண்மையான இழப்பு வேறிடத்தில். முகமூடி வீரர்களை உடைந்துபோன, பயப்பட வேண்டிய மனிதர்களாக நூல் காட்டியது. படம் அவர்களின் அடிதடியை மெதுவாக ஓடவிட்டு அழகுபடுத்தியது. சித்திரம் அச்சு அசலாக வந்தது, அதற்குள் இருந்த தீர்ப்பு வரவில்லை.

பொன்னியின் செல்வனிலும் எனக்கு மனத்தாங்கல் அங்கேதான். நாவலின் முடிவில் சோழ இளவரசன் அருள்மொழிவர்மன் தனக்கு வந்த மணிமுடியைச் சூட்டுவது சேந்தன் அமுதனுக்கு. வாய் பேசாத வளர்ப்புத் தாயோடு குடிசையில் வாழ்ந்து, தளிக்குளத்தார் கோயிலுக்குப் பூக்குடலை சுமந்தவன் அவன். அரியணையை ஒருநாளும் கேளாதவன். அரண்மனையில் வளர்ந்து அரியணைக்காகச் சதியில் இறங்கிய மதுராந்தகன் விலகிப் போகிறான். படத்தில் சேந்தன் அமுதன் வருகிறான், ஆனால் முடி மனம் மாறிய மதுராந்தகனுக்கே போகிறது. அதுவும் பெருந்தன்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அங்கே கொடுப்பவன் ஒருவன்தான் உயர்கிறான். கல்கி கொடுப்பவனையும் பெறுபவனையும் ஒருசேர உயர்த்தினார்.

வரலாற்றில் மதுராந்தகன் எனும் உத்தம சோழன் கண்டராதித்தருக்கும் செம்பியன் மாதேவிக்கும் பிறந்த மகன். சேந்தன் அமுதனும் மதுராந்தகனும் குழந்தையிலேயே இடம் மாறிய கதை கல்கியின் கற்பனை, படம் அதை விட்டதில் தவறென்ன என்று கேட்கலாம். ஆனால் படத்தின் மையப் பாத்திரங்களில் ஒருத்தியான நந்தினியும் கற்பனைதானே? அவளை வைத்துக்கொண்டு சேந்தன் அமுதனிடம் மட்டும் கல்வெட்டுச் சான்று கேட்பது நீதியாகாது. கடைசியில் அவனும் அரச இரத்தம்தானே என்ற மறுப்பு இதைவிடக் கனமானது. ஆம், கல்கி அவனைப் பிறப்பால் இளவரசனாக்கிவிட்டார். அது நாவலின் பலவீனம் என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் அந்த இரகசியம் வெளிப்படுவதற்கு வெகுமுன்பே, ஏழைப் பூத்தொண்டனாகவே அவனை நாம் நேசித்துவிட்டோம். அந்த நேசத்துக்குப் பிறப்புச் சான்று தேவைப்படவில்லை. தோட்டத்து லயத்தில் பிறந்து வளரும் பிள்ளைக்கு இந்த நாவல் தரக்கூடிய பெரிய சொத்து அதுதான்.

படம் வந்ததால் புத்தகம் அழிந்துவிடவில்லையே என்பார்கள். வீடு நிறையப் புத்தகம் உள்ளவர்களுக்கு அது சரியான ஆறுதல். தமிழ்ப் புத்தகம் எளிதில் கைக்கு வராத சப்ரகமுவத் தோட்டங்களில் படம்தான் கைத்தொலைபேசியில் முதலில் வந்து சேர்கிறது; பல பிள்ளைகளுக்கு அதுவே முழுக் கதையாகவும் நின்றுவிடும். ஆகவே நாவலை வாசித்தவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நடிகர்களின் முகப் பொருத்தம் பற்றிய வாதத்தை இதோடு விடுங்கள். படம் பார்த்த பிள்ளையிடம் சேந்தன் அமுதன் யார் என்று சொல்லுங்கள். ஐந்தாம் பாகமான ‘தியாக சிகரம்’ உங்களிடம் இருந்தால் இரவல் கொடுங்கள்.