அகழ்தலும் ஆராய்தலும்

‘அன்ஏர்த்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் பொருள் யாதென மாணவர் ஒருவர் எம்மை வினவினார். நிலத்திற் புதைந்ததை வெளிக்கொணர்தல் என்றோம். அவர் அமைதியுறவில்லை. புதையலுக்கும் அச்சொல்லே, ஊழலுக்கும் அச்சொல்லே. புதைத்த மனிதவுடலைத் தோண்டும்போது மட்டும் ‘எக்ஸ்ஹியூம்’ என வேறு சொல்லும் வருவது ஏன் என்றார். அகராதியைப் புரட்டி விடைகூறிவிட்டு நகரக்கூடிய வினாவன்று அது.

முதற்சொல் ‘மண்’ என்னும் பெயரோடு நீக்கற்பொருள் தரும் முன்னொட்டுச் சேர்ந்து ஆயது. வேட்டையிலே நரியை வளையினின்றும் வெளியேற்றுவதையும் ஆங்கிலேயர் அச்சொல்லாற் குறித்தனர். மற்றையதோ இலத்தீன் வழிவந்தது. ‘ஹியூமஸ்’ என்றால் மண். மனிதனைக் குறிக்கும் ‘ஹியூமன்’ என்ற சொல்லும் அதன் உறவே என்பர் சொல்லாராய்ச்சியாளர். தமிழில் நமக்கு ‘அகழ்’ என்னும் வினையுண்டு. அதனோடு ஆராய்ச்சி என்பதையும் பிணைத்து ‘அகழ்வாராய்ச்சி’ என்று கலைச்சொல் ஆக்கினர் நம்மவர். அகழ்ந்தாற் போதாது, ஆராயவும் வேண்டும் என்னும் நெறி அச்சொல்லினுள்ளேயே அமைந்து கிடக்கின்றது.

அந்நெறி தவறினால் விளைவது யாது? ஆர்ஜென்ரீனாவில் 1983இல் இராணுவ ஆட்சி வீழ்ந்தபின், பெயரற்ற புதைகுழிகள் தோண்டப்பட்டன. ஆரம்பத்தில் இயந்திரங்களாற் கிண்டப்பட்டமையால் எலும்புகள் நொறுங்கின, ஒன்றோடொன்று கலந்தன. 1984இல் அமெரிக்க அறிஞர் கிளைட் சினோ அங்கு சென்று, இளம் மாணவர் குழுவொன்றைப் பயிற்றிய பின்னரே எலும்புகள் சான்றுகளாயின. முறையின்றித் தோண்டுதல் இரண்டாம் முறை புதைத்தலேயாகும்.

நம் மண்ணுக்கு வருவோம். 1996இல் யாழ்ப்பாணத்துப் பாடசாலை மாணவி ஒருத்தி கொல்லப்பட்ட வழக்கிலே தண்டிக்கப்பட்ட இராணுவத்தினன் ஒருவன், செம்மணியிலே நூற்றுக்கணக்கானோர் புதைக்கப்பட்டுள்ளனர் என்று 1998இல் நீதிமன்றிற் கூறினான். 1999இல் அகழ்ந்தபோது கிடைத்தவை 15 உடல்கள். பின்னர் மண் மூடியது, பேச்சும் மூடியது. 2025 பெப்ரவரியில், செம்மணி சித்துப்பாத்தி மயானத்திலே கட்டட வேலைக்கென நிலத்தை வெட்டியபோது எலும்புகள் வெளிப்பட்டன. அவ்வாண்டு செப்ரெம்பருக்குள் இருநூறுக்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் இனங்காணப்பட்டன. அவற்றோடு ஒரு புத்தகப்பையும் ஒரு குழந்தையின் பாற்போத்தலும் கிடைத்தன. பாற்போத்தல் எந்தப் போர்க்களத்திற்கு உரிய ஆயுதம் என்று நாம் கேட்கக் கடமைப்பட்டுள்ளோம்.

ஆயினும், கேட்பவரிடத்தும் ஒரு கடமை உண்டு. 2018 முதலாக மன்னாரிலே முந்நூறுக்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் அகழப்பட்டன. அவற்றின் மாதிரிகள் அமெரிக்க ஆய்வுகூடமொன்றிற் பரிசோதிக்கப்பட்டு, அவை 15ஆம் நூற்றாண்டு தொடக்கம் 17ஆம் நூற்றாண்டு வரையான காலத்தன என்னும் முடிவு 2019இல் வந்தது. காணாமற் போனோரின் உறவினர் பலர் அதனை ஏற்கவில்லை. அவர்தம் ஐயத்துக்கு விடை மேலும் ஆராய்தலே. ஐயுற்றோரை இகழ்தலும் விடையன்று, விரும்பாத முடிவை வெறுமனே மறுத்தலும் விடையன்று. விரும்பியது கிடைத்தால் உண்மை, கிடையாவிடிற் சதி என்பவன் மண்ணைத் தோண்டவில்லை. தன் மனத்தையே தோண்டுகிறான்.

இதனினும் கடினமான சோதனை ஒன்றுண்டு. மட்டக்களப்பின் குருக்கள்மடத்தில், 1990இல் விடுதலைப் புலிகளாற் கடத்திக் கொல்லப்பட்ட முஸ்லிம்கள் புதைக்கப்பட்டனர். அவ்விடத்தையும் அகழ்க என்று அவர்தம் உறவினர் கேட்டுவருகின்றனர். மாத்தளையில் 2012இல் வெளிப்பட்ட நூற்றைம்பதுக்கு மேற்பட்ட எலும்புக்கூடுகளின் காலம்பற்றிப் பிணக்கு எழுந்தது. 1980களின் இறுதியில் மக்களை இழந்த சிங்களத் தாய்மார் அங்கும் விடைதேடி நின்றனர். செம்மணிக்கு மட்டும் குரல்கொடுத்து, குருக்கள்மடத்திற்கு வாய்மூடி, மாத்தளைக்கு முகந்திருப்புவோமாயின், நமக்கு வேண்டியது நீதியன்று. நம் இனத்துக்கான வழக்குரை மட்டுமே. எலும்புக்கு மொழியில்லை. அதன்மேல் நின்று அழும் தாய்க்கு மொழியுண்டு. ஆனால் மூன்று சமூகத்துத் தாயரின் வினா ஒன்றே.

பழம்புண்ணைக் கிளறாதீர், பொறுத்திருங்கள் என அறிவுரை பகர்வோர் உளர். தன்னை அகழ்வாரையும் தாங்கும் நிலத்தைப் பொறுமைக்கு உவமையாக்கினார் வள்ளுவர். ஆனால் அப்பொறுமை தன்னை இகழ்ந்தாரைப் பொறுப்பவனின் விருப்பிற் பிறப்பது. பிள்ளையை இழந்தவள்மீது அதிகாரம் சுமத்தும் மௌனத்துக்கு அவ்வுவமையைக் கடன்கேட்பது முறையன்று. புண் ஆறியிருப்பின் கிளறவேண்டியதில்லை. ஆறாத புண்ணின்மேல் மண்ணைப் போட்டு மூடுவது மருத்துவமுமன்று.

மறுநாள் அம்மாணவருக்கு நாம் கூறியது இது: பொருளை வெளிக்கொணர்ந்தால் அகழ்ந்தவன் பெயர் நிலைக்கும், மனிதனை வெளிக்கொணர்ந்தாலோ அகழப்பட்டவனுக்கு அவன் பெயரை மீட்டுத் தரவேண்டும். இரண்டு சொற்களுக்கும் அகராதி என்ன வேறுபாடு கூறினும், நாம் காணவேண்டிய வேறுபாடு இதுவே. எலும்பு வெளிவந்த நாளிலே வேலை முடிவதில்லை. அது யாருடையது, யார் புதைத்தார், யார் ஆணையிட்டார் என்னும் மூன்று வினாக்களும் விடைபெறும்வரை, அகழ்ந்தது மீளவும் மண்ணுள்ளேயே கிடக்கின்றது.